எட்டே முக்காலுக்கு எரியும் பச்சை விளக்கு

முதலமடையில் நான் வேலை செய்யும் மாம்பழ ஆபீஸில், மேனேஜர் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் ஒரு சிறிய கறுப்புப் பெட்டி இருக்கிறது. ஆறு கம்ப்யூட்டருக்கும் எங்கள் போன்களுக்கும் இன்டர்நெட் அதன் வழியாகத்தான் வருகிறது. 'ஈரத் துணியால் துடைக்கக் கூடாது' என்று பேனாவால் எழுதிய தாள் ஒன்று அதன்மேல் ஒட்டியிருக்கிறது. எனக்காக எழுதியது. எழுதியவர், எலப்புள்ளியிலிருந்து பஸ்ஸில் வந்துபோன கம்ப்யூட்டர் மேடம்.

நான் நாலாம் வகுப்போடு நின்றவன். ஆபீஸைத் திறப்பது, கூட்டுவது, டீ வாங்கி வருவது என் வேலை. ஒரு சீசனில், லாரி புக் செய்யும் வெப்சைட் எங்கள் ஆபீஸையே மொத்தமாகத் தடுத்துவிட்டது. யாரோ பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பத் தப்பாக அடித்திருக்கிறார்கள். வெளியே பழம் வெயிலில் கிடந்தது. மேனேஜர் எல்லார் முன்னாலும் என்னைப் பார்த்து, "உம்பட போனுலதான் என்னமோ நோண்டியிருப்பே. நாளைக்கு வரவேண்டாம்" என்றார். மேடம்தான் எழுந்தார்.

"இவரு டீக்கடைக்குப் போனா, கடைக்காரருக்கு நம்ம ஆபீஸ் பேரு ஒண்ணுதானுங்க தெரியும். ஆருக்குச் சக்கரையில்லாத டீன்னு இவருக்குத்தான் தெரியும். இந்தப் பொட்டியும் அப்படித்தானுங்க சார். வெளியில நம்ம எல்லாருக்கும் ஒரே நம்பரு. உள்ளதான் ஆளாளுக்குத் தனி நம்பரு."

பெட்டிக்குள் இருந்த பட்டியலைத் திரையில் திறந்து காட்டினார். அந்த வெப்சைட்டுக்கு அன்று காலை பதினோரு தடவை போயிருந்தது மேனேஜரின் கம்ப்யூட்டர். அன்றைக்கு மேனேஜர் டீயே வேண்டாம் என்றுவிட்டார். நான் மேடத்துக்கு ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. அவருடைய டீயை மட்டும் ஆறாமல் கொண்டுவந்து வைத்தேன்.

அடுத்த வருடம் அவரைக் கொச்சி ஹெட் ஆபீஸுக்கு மாற்றினார்கள். "அங்கிருந்து தினமும் காலையில எல்லா ஆபீஸ் லைனையும் பார்ப்பேனுங்க. ஆனா ஆபீஸ்தான் தெரியும். ஆரு இருக்கறாங்கன்னு தெரியாது" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போனபின் ஆறு டீதான் வேண்டும்; டீக்கடையில் இப்போதும் என் வாயில் ஏழு என்றுதான் வருகிறது.

அவர் போன அன்று முதல் சாயங்காலம் பூட்டும்போது பெட்டியை அணைத்துவிடுகிறேன். "மேகமே இல்ல, எந்த இடிக்குடா பயப்படறே?" என்பார் மேனேஜர். "மலைப்பக்கம் மின்னுதுங்க" என்பேன். மறுநாள் எட்டே முக்காலுக்குப் போட்டுவிடுவேன். மற்றவர்கள் வர ஒன்பதரை ஆகும். அதுவரை அந்த ஒரே நம்பர் நான் மட்டும்தான்.

ஒருமுறை காய்ச்சலில் ஒருநாள் போகவில்லை. மறுநாள் காலை, நான் தனியாக இருக்கையில் ஆபீஸ் போன் அடித்தது. கொச்சியிலிருந்து மேடம். "நேத்து ஒம்பதரைக்குத்தான் லைன் வந்துச்சு. ஒடம்புக்கு முடியலீங்களா?"

"காய்ச்சலுங்க."

"இப்போ?"

"பரவாயில்லீங்க."

"சரிங்க" என்று வைத்துவிட்டார்.

மூன்று சீசன் போய்விட்டது. நான் அதற்குப் பிறகு லீவே போடவில்லை. அந்த போனும் வரவில்லை. அவர் இன்னும் அந்த இடத்தில்தான் இருக்கிறாரா என்று யாரிடமும் கேட்கக் கூச்சம். ஒருநாள் வேண்டுமென்றே தாமதமாகப் போட்டால் தெரிந்துவிடும். இன்று காலை சாவியைத் திருப்பும்போதும் அப்படித்தான் நினைத்தேன். போன் அடிக்காமல் போய்விட்டால்?

காய்ந்த துணியால் பெட்டியைத் துடைத்து, சுவிட்சைப் போட்டேன். விளக்கு கொஞ்ச நேரம் மினுக்கிவிட்டுப் பச்சையாக நின்றது. மணி எட்டே முக்கால்.