கார்ட்டூனில் எரிந்த மோட்டார்

என் தம்பி பொய் சொல்கிறான். சென்னையில் உட்கார்ந்து படம் வரைந்து, எங்கள் நைனாவை ஊரே பார்த்துச் சிரிக்கும்படி செய்துவிட்டு, அதன் தலையில் ‘உண்மைச் சம்பவம்’ என்று வேறு எழுதிப் போடுகிறான்.

அவன் எடுக்கும் கார்ட்டூன் தொடரை நிறையப் பேர் ஃபோனில் பார்க்கிறார்கள். ஒரு குடும்பம், அவர்களுடைய பழைய கழனி, வாரத்துக்கு ஒரு கூத்து. அந்தக் கழனி எங்களுடையதுதான். கனகம்மாசத்திரத்திலிருந்து திருத்தணி போகிற வழியில் ரோட்டை ஒட்டி இருக்கிறது. இன்றைக்கும் நானும் நைனாவும்தான் அதில் பயிர் வைக்கிறோம். பம்பு செட்டு, முன்னால் சிமென்ட் தொட்டி, தொட்டி ஓரத்து வேப்பமரம், எல்லாவற்றையும் அப்படியே வரைந்திருக்கிறான். அப்பனை மட்டும் மாற்றிவிட்டான். எங்கள் நைனா ஒல்லி. கார்ட்டூனில் வருகிறவருக்குப் பானை வயிறு. மோட்டாரைப் போட்டுவிட்டு வேப்பமரத்தடியில் குறட்டை விடுகிறார். மோட்டார் புகைந்து வெடிக்கிறது. மூஞ்சியெல்லாம் கரியோடு எழுந்து, “காபி ரெடியா?” என்று கேட்கிறார். பின்னால் சிரிப்புச் சத்தம்.

நடந்தது அதுவல்ல.

ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து நடந்து வருகிறவர்கள் எங்கள் தொட்டியில் குளிப்பது பல வருஷப் பழக்கம். குளித்து, மஞ்சள் துணியை ஈரத்தோடு உடுத்தி, விபூதி பூசிக்கொண்டு மலைக்குப் போவார்கள். எங்கள் கிணற்றில் ஒரு மணி நேரம் இறைத்தால் ஒரு மணி நேரம் ஊற விட வேண்டும். தண்ணீர் அடியில் போய்க் குழாய் காற்றைத் துப்ப ஆரம்பித்ததும் மோட்டாரை நிறுத்தியாக வேண்டும். இல்லையென்றால் மோட்டாருக்குள் சுற்றியிருக்கிற செம்புக் கம்பி, அதுதான் காயில், எரிந்துவிடும். குளிக்கிற சாமிகளுக்கு அதெல்லாம் தெரியாது, தொட்டியில் இருக்கிறவரை மொண்டு ஊற்றிக்கொண்டிருப்பார்கள். அதனால் எங்களில் ஒருவர் சுவிட்சுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்போம்.

மோட்டார் எரிந்த வருஷம் அந்த வேலை தம்பிக்கு. காலேஜ் முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தான். நானும் நைனாவும் ரோட்டோரம் அண்டாவை வைத்து மோர் ஊற்றிக்கொண்டிருந்தோம். பகல் பதினொரு மணி இருக்கும், நோட்டும் பென்சிலுமாக அவன் சினேகிதன் பைக்கில் ஏறினான். மலையடிவாரத்தில் காவடி ஆடுகிறவர்களை வரையப் போகிறானாம்.

“டேய், மோட்டாரு ஓடிகினு கீதுடா!” என்று கத்தினேன்.

“பத்தே நிமிஷம்க்கா, வந்துடறேன்!”

நான் போய் உட்கார்ந்திருக்கலாம். மோருக்கு வரிசை நீளமாக இருந்தது, போகவில்லை. அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். அவன் வந்தபோது மணி மூன்று.

மோட்டார் எரிந்துபோயிருந்தது. திருவிழாக் கூட்டம் கலைகிறவரை திருத்தணியில் காயில் கட்டும் கடை ஒன்றும் திறக்கவில்லை. கிணறு எங்களுக்கும் சித்தப்பாவுக்கும் பொது. இரண்டு வீட்டு நாற்றங்காலும் காய்ந்தது, அந்தப் பருவம் இரண்டு பேருக்கும் நடவு இல்லை. சித்தப்பா மண்வெட்டியோடு வந்து நின்றார்.

“எவன்டா மோட்டாரப் பாத்துகினு இருந்தது?”

தம்பி என் முதுகுக்குப் பின்னால் நின்றான். நைனா முன்னால் போனார். “நான்தான். அசந்துட்டேன்” என்றார். சித்தப்பா கீழே துப்பிவிட்டுப் போனார். நைனாவின் கூடப் பிறந்த தம்பி அவர், அன்றிலிருந்து நைனாவோடு பேசுவதில்லை.

இவனைக் காப்பாற்ற நைனா சொன்ன பொய்யை எடுத்துத்தான் இவன் காமெடி பண்ணியிருக்கிறான்.

நைனா அதைப் பால்காரர் ஃபோனில் பார்த்தார். முதலில் சிரித்தார். மோட்டார் வெடித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. “கழனிய நல்லாத்தான் வரைஞ்சிகிறான்” என்று ஃபோனைத் திருப்பிக் கொடுத்தார். மறுநாள் டீக்கடையில் ஒருவன், “இன்னா நைனா, காபி ரெடியா?” என்றான். இன்னொருவன், “மோட்டார ஆஃப் பண்ணிட்டு வந்தியா, இல்ல பொகைஞ்சிகினு கீதா?” என்றான். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தவர் பிறகு அந்தக் கடைப் பக்கம் போகவில்லை. இந்த ஆடிக் கிருத்திகைக்குப் பம்பு செட்டைப் பூட்டிவிட்டார். காவடிக்காரர்கள் வேலி ஓரம் நின்று கூப்பிட்டார்கள். “தண்ணி இல்லன்னு சொல்லிடு” என்றார் என்னிடம். கிணறு நிறையத் தண்ணீர் இருந்தது. வெயிலில் நின்றவர்களிடம் போய் இல்லையென்று சொன்னேன்.

அன்றைக்கே தம்பிக்கு ஃபோன் போட்டேன்.

“அய்ய, அது காமெடிக்கா. நைனாவே சிரிச்சாராமே?”

“நீ பைக்ல ஏறிப் போனத ஏன்டா வரையல?”

“அது கதைக்கு செட் ஆகலக்கா.”

“அப்ப உண்மைச் சம்பவம்னு போட்டியே, அதையாவது எடு.”

“அதுக்காகத்தான்க்கா பாக்கறாங்க.”

ஃபோனை வைத்துவிட்டேன். அதனால்தான் எல்லாரும் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். டேய், என்னிடம் தனியாக மன்னிப்புக் கேட்காதே. நைனாவுக்கு ஃபோன் போட்டு அழாதே, அவர் உடனே பரவாயில்லை என்று சொல்லிவிடுவார். அவர் இத்தனை வருஷம் உன்னைக் காட்டிக் கொடுக்கவில்லை, நான் கொடுத்துவிட்டேன். உன் தொடரைப் பார்த்துச் சிரித்த அத்தனை பேருக்கும், பக்கத்துக் கழனியில் இருக்கிற சித்தப்பாவுக்கும் கேட்கிற மாதிரி நீ உன் வாயால் சொல்: அன்றைக்கு மோட்டாரை ஓடவிட்டுப் போனது யார்?