பார்ஜெட்டிங் என்ற பூச்சு

பினாங்கில் குளிர் காய வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றினால் அவர் வெள்ளைக்காரராகத்தான் இருக்க வேண்டும். கீழே ஜார்ஜ்டவுனில் நாங்கள் ஓலை விசிறியும் வியர்வையுமாகக் கிடந்தோம். எங்கள் துரையோ கொடிமலை உச்சியில் தமக்கென்று ஒரு பங்களா கட்டி, அதில் கணப்பும் புகைபோக்கியும் வைக்கத் தீர்மானித்தார். மலை ரயில் ஓடத் தொடங்கிய புதிது. செங்கல் ஏற்ற வழி வந்தபின் கணப்பு வராமல் இருக்குமா?

துரை கட்டட கன்ட்ராக்டர். பிட் ஸ்திரீட்டில் இருந்த அவருடைய ஆபீசில் நான் கிராணி, அதாவது குமாஸ்தா. அவர் ஆங்கிலத்தில் எழுதுவதைத் தமிழாக்கி மேஸ்திரியிடம் கொடுப்பதும், இருவரும் சந்தித்தால் நடுவில் நின்று பேச்சை மாற்றிச் சொல்வதும் என் வேலை. துரைக்குத் தமிழ் தெரியாது, மேஸ்திரிக்கு ஆங்கிலம் தெரியாது. இரண்டும் தெரிந்த நான் சட்டைக் காலருக்குக் கஞ்சி போட்டுக்கொண்டு, உலகமே என் நாக்கு நுனியில் சுற்றுவதாக நினைத்துத் திரிந்தேன்.

புகைபோக்கி பற்றிய தாளில் ஒரு சொல் இருந்தது: பார்ஜெட்டிங். புகை ஏறும் குழாயின் உட்சுவரில் பூசும் பூச்சுக்கு இங்கிலாந்துக் கொத்தர்கள் வைத்த பழைய பெயராம். செங்கல் இடுக்கில் புகை கசியாமலும், கரி அப்பிக்கொள்ளாமலும் அது காக்குமாம். பெயரைப் படித்தபோதே சீமை அத்தர் போல மணத்தது. அடுத்த வரியில் துரை அதன் பக்குவத்தை எழுதியிருந்தார்: சுண்ணாம்பு ஒரு பங்கு, பசுஞ்சாணம் மூன்று பங்கு.

நான்கு முறை படித்தேன். எழுத்தில் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு துரை தம் வீட்டுக்குள் சாணம் பூசச் சொல்வாரா? சாணம் எங்கள் ஆட்களின் சமாசாரம், அதிலிருந்து தப்பத்தான் நான் படித்தேன் என்று நம்பியிருந்தவன் நான். துரை ஏதோ ஞாபகப் பிசகில் எழுதிவிட்டார், அவர் மானத்தை நான்தான் காப்பாற்ற வேண்டும் என்று முடிவு செய்தேன். அவரிடமே போய்க் கேட்டிருக்கலாம். அந்த வார்த்தையை அவர் முன்னால் என் வாயால் சொல்ல வெட்கமாக இருந்தது. தமிழ்த் தாளில் ‘மணல் மூன்று பங்கு’ என்று அழகாக எழுதினேன். குரங்கு கையில் பூமாலை.

மேஸ்திரி எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். ஊரில் பாதி ரொட்டிக்கடை அடுப்புகள் அவர் கட்டியவை.

“தம்பி, உள்பக்கம் மணல் கலவை நிக்காதுலா. சூடு பட்டா வெடிச்சு உதிரும். சாணி சேத்துப் பூசுறேன், கெட்டியாப் புடிச்சுக்கும்.”

“அண்ணே, இது துரை பங்களா, மாட்டுக் கொட்டகை இல்ல. எழுதினத மட்டும் செய்யுங்க.”

“சரி தம்பி. படிச்சவங்க சொல்றீங்க.”

அதில் கிண்டல் இருந்ததா என்று நான் யோசிக்கவில்லை. படித்தவன் அல்லவா!

கிறிஸ்துமஸுக்குத் துரை நண்பர்களை மலைக்கு அழைத்துக் கணப்பை மூட்டினார். அரை மணி நேரத்தில் பூச்சு பாளம் பாளமாக நெருப்பில் விழுந்தது. செங்கல் இடுக்கு வழியே புகை அறைகளுக்குள் புகுந்தது. சீமைக் குளிரை அனுபவிக்க வந்த சீமாட்டிகள் மூக்கைப் பொத்திக்கொண்டு புல்வெளியில் நின்று இருமினார்களாம். அதை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வருகிறது. அதற்குப் பிறகு நடந்ததற்குத்தான் வருவதில்லை.

மறுவாரம் துரை எங்கள் இருவரையும் பங்களாவுக்கு வரச் சொன்னார். உதிர்ந்த பாளம் ஒன்றைக் கையில் எடுத்து நொறுக்கிக் காட்டினார்.

“இதில் சாணம் எங்கே? தெளிவாக எழுதியிருந்தேனே! அதில் உள்ள நார்தான் பூச்சை வெடிக்காமல் பிடித்து வைக்கும். என் ஊரில் நேற்றுக் கொத்துக்கரண்டி பிடித்தவனுக்குக்கூட இது தெரியும். ஏன் போடவில்லை என்று இவனைக் கேள்.”

ஆக, பாதி உலகை ஆண்டவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்கள் புகைபோக்கிக்குள் சாணம் பூசி வந்திருக்கிறார்கள். துரைக்கும் அதில் கூச்சமில்லை, மேஸ்திரிக்கும் கூச்சமில்லை. இடையில் நின்ற எனக்குத்தான் நாற்றம் தாங்கவில்லை.

“சாணி ஏன் போடலன்னு கேக்குறாரு” என்றேன்.

மேஸ்திரி துரையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். “நான் போடுறேன்னுதானே சொன்னேன்? நீங்கதான் மணல்னு எழுதிக் குடுத்தீங்க. அத அப்படியே சொல்லுங்க தம்பி. ஏழு ஆளுங்க என்னை நம்பி இருக்காங்க. இந்த வேலை போனா எல்லாரும் பட்டினிதான்.”

துரை என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளதைச் சொன்னால் என் நாற்காலி போய்விடும். பயந்தேன், வேறொன்றும் இல்லை.

“அவருக்குத் தெரியாதாம் துரை. சாரி சொல்கிறார்” என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

மேஸ்திரியையும் அவர் ஆட்களையும் துரை அந்த நிமிடமே வேலையிலிருந்து நீக்கினார். அதையும் நான்தான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. “நாளையிலேருந்து வர வேண்டாமாம்” என்றேன்.

மேஸ்திரி தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டார்.

“சாரின்னு சொன்னீங்களே தம்பி, அந்த ஒரு வார்த்தை எனக்குத் தெரியும்லா. நான் அதச் சொல்லவே இல்லையே.”

“என்ன சொல்கிறான்?” என்று கேட்டார் துரை.

“நன்றி சொல்கிறார்” என்றேன்.