அவருக்கு ஒத்துக்காது

அமெரிக்காவில், அலபாமா மாநிலத்தில் ஒரு பெட்ரோல் பங்க். அதன் வாசலில் பெரிய பாத்திரத்தில் வேர்க்கடலை வெந்துகொண்டிருந்தது. தோலோடு, உப்புப் போட்டு, மைசூரில் நாங்கள் அவிக்கிற அதே மாதிரி. என் கணவர் காரை விட்டு இறங்கினார், ஒரு பொட்டலம் வாங்கினார், அங்கேயே நின்று உரித்துத் தின்ன ஆரம்பித்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அந்த ஊரில் அவித்த கடலை கிடைக்கிறதே என்று இல்லை. என்ன தண்ணீர், யார் கை பட்டது, பாத்திரம் கழுவினார்களா என்று ஒரு வார்த்தை கேட்காமல் தின்றாரே, அதற்காகத்தான். என் கணவர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வெளியில் எதையும் தொடாதவர். அவருக்கு எதுவும் ஒத்துக்காது. எங்கள் சொந்தபந்தம் முழுக்க இது தெரியும். மைசூர் தேவராஜ மார்க்கெட்டில் எனக்கு வாடிக்கையாகக் காய் கொடுக்கிற கொள்ளேகால்காரப் பெண்ணுக்குக்கூடத் தெரியும். என்னைக் கண்டதும் கத்திரிக்காய்க் குவியலில் கையை விட்டு, "அய்யாவுக்கு ஆவாதுங்க" என்று முத்தலை எல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டுப் பிஞ்சாகப் பொறுக்கிப் போடுவாள்.

எங்களுக்கு ஒரே மகள். அட்லாண்டாவில் வேலை. கீழ்த்தளத்தில் எங்களுக்கென்று ஓர் அறையும் குளியலறையும் வைத்து வீடு வாங்கிவிட்டு, மைசூர் வீட்டை விற்றுவிட்டு வந்துவிடுங்கள் என்று வருஷா வருஷம் கேட்பாள். நானும் வருஷா வருஷம் ஒரே பதிலைச் சொல்வேன். "எனக்கென்னம்மா, நான் எங்கேயும் இருந்துடுவேன். அப்பாவுக்குத்தான் அங்கே சாப்பாடு ஒத்துக்காது." அந்தப் பதிலுக்கு மேல் யாரும் பேசியதில்லை.

போன கோடையில் நாங்கள் போயிருந்தபோது அவள் ஒரு திட்டம் போட்டாள். அட்லாண்டாவிலிருந்து நியூ ஆர்லியன்ஸ் வரை காரில் போவது. வழியில் பீட்சா, பர்கர் எதுவும் கிடையாது. அந்தந்த ஊர்க்காரர்கள் சாப்பிடுகிற சின்னக் கடைகளில் மட்டும் சாப்பிடுவது. "அப்பாவுக்கு இது ஒத்துக்கிச்சுன்னா எதுவும் ஒத்துக்கும், அல்வா?" என்றாள். அல்வா என்றால் கன்னடத்தில் 'இல்லையா'; கன்னடம் கலக்காமல் அவளுக்குத் தமிழ் வராது. நான் மனசுக்குள் சிரித்துக்கொண்டேன். சுத்த சைவக் குடும்பம் அந்த ஊர்ச் சின்னக் கடைகளில் என்ன சாப்பிடப் போகிறது? இரண்டாம் நாளே தயிர்சாதத்துக்கு ஏங்கித் திரும்பிவிடுவோம், என் பேச்சும் ஜெயித்துவிடும் என்று நிம்மதியாகக் காரில் ஏறினேன்.

முதல் நாள் காலை டிபனுக்கே என் நிம்மதி போய்விட்டது. வெள்ளைச் சோள ரவையைக் களி போலக் கிண்டி, மேலே வெண்ணெய்க் கட்டியை வைத்துக் கொண்டுவந்தார்கள். இவர் வழித்துச் சாப்பிட்டார். காபி வந்ததும் பழக்கதோஷத்தில் "பை டூ" என்று பரிமாறுகிற அம்மாளிடம் இரண்டு விரலைக் காட்டினார். மைசூரில் என்றால் ஒரு காபியை இரண்டு டம்ளரில் பாதிப் பாதியாகக் கொடுப்பார்கள். அந்த அம்மாள் இரண்டு பெரிய கோப்பை நிறைய ஊற்றியதோடு விடாமல், குறையக் குறைய வந்து ஊற்றிக்கொண்டே இருந்தாள். அதோடு இவரை "ஹனி" என்று வேறு கூப்பிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து நான் "என்னங்க"வைத் தாண்டியதில்லை. இவர் கூச்சமே இல்லாமல் சிரித்தபடி கோப்பையை நீட்டினார்.

மத்தியானச் சாப்பாட்டுக் கடைகளில் அந்தப் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. தட்டில் ஒரு இறைச்சி, மூன்று காய். இறைச்சி வேண்டாதவர்கள் நாலும் காயாகவே வாங்கிக்கொள்ளலாம். அட, பரவாயில்லையே என்று பலகையைப் பார்த்தால், காய்கறி என்று போட்டிருந்த வரிசையில் பாலாடைக்கட்டி உருக்கி ஊற்றிய மக்ரோனியும் இருந்தது. மக்ரோனி எந்தச் செடியில் காய்க்கிறது என்று மகளைக் கேட்டேன். இங்கே அது காய்தான் என்றாள். கீரையிலும் பீன்ஸிலும் பன்றி எலும்பைப் போட்டு வேகவைப்பார்கள் என்றும் சொன்னாள். எனக்குக் குலை நடுங்கியது. கூடவே, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. "பாத்தியா, நான் சொல்லலே?" என்று வாயைத் திறப்பதற்குள் அவள், "நான் முன்னாடியே போன் பண்ணிட்டேன் அம்மா. இங்கே நமக்குன்னு தனியா எலும்பில்லாம செஞ்சிருக்காங்க" என்றாள். போகிற வழியில் எல்லாக் கடைக்கும் அப்படிப் போன் செய்திருந்தாள். எண்ணெயா கொழுப்பா என்று தொடங்கி ஒவ்வொன்றாக விசாரித்து வைத்திருந்தாள்.

நம் காராமணி வந்தது. சோள மாவில் புரட்டிப் பொரித்த வெண்டைக்காய் வந்தது. பச்சைத் தக்காளியை வட்டமாக வெட்டிப் பொரித்து, நம் பஜ்ஜிக்குப் பெரியப்பா மகன் மாதிரி ஒன்று வந்தது. "அப்பா, ஹேகிதே, எப்படி இருக்கு?" என்று மகள் கேட்கும்போதெல்லாம் இவர் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுத் தலையை ஆட்டினார். ஒரு குறை சொல்லவில்லை. நான்தான் உப்பு கம்மி, இனிப்பு ஜாஸ்தி, டீயில் சர்க்கரையை மூட்டையோடு கொட்டியிருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டு வந்தேன். "உங்களுக்கு வயிறு எப்படி இருக்கு?" என்று அறைக்குப் போனதும் ரகசியமாகக் கேட்பேன். நன்றாக இருக்கிறது என்பார். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இந்த மனிதர் இப்படியே சாப்பிட்டுக்கொண்டு போனால் என் மைசூர் வீடு போய்விடும்.

நியூ ஆர்லியன்ஸுக்கு முன்னால் மிசிசிப்பியில் ஒரு கடையில் உட்கார்ந்திருந்தோம். ரப்பர் விரிப்புப் போட்ட மேஜை, சுற்றிலும் லாரி டிரைவர்கள். மகள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு இவரைப் பார்த்தாள்.

"அப்பா, உண்மையைச் சொல்லு. அம்மா ராத்திரி சொன்னா, நீ எனக்காக வாயை மூடிக்கிட்டுச் சாப்பிடறியாம். இதுவும் உனக்கு ஒத்துக்கலேன்னா பரவாயில்லே. நான் நியூ ஜெர்சிக்கு மாத்தல் கேட்டிருக்கேன். அங்கே தெருவுக்குத் தெரு நம்ம ஹோட்டல்தான். வேலைதான் ஒரு படி கீழே இறங்கும். அஷ்டே, அவ்வளவுதான்."

இவர் கையிலிருந்த சோள ரொட்டியைக் கீழே வைத்தார். "எனக்கு எப்போ என்ன ஒத்துக்கலே?" என்றார்.

"அம்மாதானே சொல்லுவா..."

"அம்மா சொல்லுவா. நான் சொல்லி நீ கேட்டிருக்கியா?" கோபமே இல்லாத குரல். "ரயில்வே கேன்டீன்ல சாப்பிட்டு வளர்ந்த உடம்பும்மா இது. கல்லைப் போட்டாலும் கரைச்சிடும்."

"கேன்டீனா?" என்றேன் நான். "அப்போ நான் தினமும் கட்டிக் கொடுத்த டப்பா?"

"அதையும் சாப்பிட்டேன்." அப்புறம் மகளிடம் திரும்பினார். "இத்தனை நாள் அவ என் பேரைச் சொன்னதிலே எனக்கொண்ணும் குறைஞ்சு போகலே, விட்டுட்டேன். இப்போ உன் வேலைக்கே கேடு வருதுன்னா எப்படி விடறது? எனக்கு எங்கேயும் ஒத்துக்கும். உங்கம்மாவைக் கேளு."

அவர் வாயால் ஒரு தடவையாவது சொல்லியிருப்பாரே என்று அவசர அவசரமாகத் தேடிப் பார்த்தேன். கொள்ளேகால் கல்யாணத்தில் எண்ணெய் சரியில்லை, அவருக்கு ஒத்துக்காது என்று முகூர்த்தம் முடிந்த கையோடு கிளம்பினோமே? நாத்தனார் பேச்சு பிடிக்காமல் கிளம்பியவள் நான். அவர் பஸ்ஸில் கல்யாண லட்டைத் தின்றுகொண்டு வந்தார். ஹூப்ளிக்கு மாற்றல் வந்தபோது, சோள ரொட்டி அவருக்கு ஆகாது என்று அதிகாரியின் மனைவியிடம் போய்ச் சொன்னவளும் நான். எவ்வளவு தேடினாலும் எல்லா இடத்திலும் என் குரல்தான் கேட்டது. எனக்கே நம்ப முடியவில்லை. இவ்வளவு பேரிடம் சொல்லிச் சொல்லி, கடைசியில் நானும் அதை நிஜமென்றே நம்பியிருந்தேன்.

"அப்போ நீதானா அம்மா?" என்றாள் மகள்.

ஒளிந்துகொள்ள ஆள் இல்லை. "எனக்கு வர இஷ்டமில்லே" என்றேன். சொன்ன பிறகு என் குரலே எனக்குப் புதிதாக இருந்தது. "உன் வீடு நல்லாத்தான் இருக்கு. ஆனா வாசலைத் தாண்டணும்னா நீ கார் எடுக்கணும். மைசூர்ல நான் பையை எடுத்துக்கிட்டு இறங்கினா என் பாட்டுக்குப் போவேன், வருவேன். அதை என்னால விட முடியாது."

அவள் கண் கலங்கியது. "இதை அன்னிக்கே சொல்லியிருந்தா ஒரு வாரம் கோவிச்சுக்கிட்டுப் பேசாம இருந்திருப்பேன். அவ்வளவுதானே? எத்தனை கடைக்குப் போன் பண்ணியிருக்கேன், எத்தனை பேர்கிட்டே கெஞ்சியிருக்கேன், தெரியுமா உனக்கு?"

பரிமாறுகிற பெண் வந்து எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்டாள். இவர் மட்டும் "வெரி குட்" என்றார்.

திரும்பி வருகிற வழி முழுக்கக் காரில் கடலை உரிக்கிற சத்தம்தான். இவர் உரித்து முன்சீட்டில் மகளுக்கு ஒரு கை கொடுப்பார், பின்னால் எனக்கு ஒரு கை கொடுப்பார். நாங்கள் வாங்கிக்கொண்டோம்.

மைசூர் வந்து சேர்ந்தபின் மகள் சொன்னபடியே ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. மாற்றல் விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிவிட்டதாக இவர் மூலம் தெரிந்தது. அப்புறம் வழக்கம்போலப் பேச ஆரம்பித்தாள். வீட்டை விற்கிற பேச்சை மட்டும் எடுக்கவில்லை. எல்லாம் சுமுகமாகிவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டிருக்கையில், இந்த வருஷம் டிக்கெட் வந்தது. ஒரே ஒரு டிக்கெட், இவர் பேரில். மூன்று மாசத்துக்கு.

"உனக்குத்தான் இஷ்டமில்லையே" என்றார், குத்தலே இல்லாமல். புளியோதரைப் பொடியைப் பெட்டியில் வைத்தேன். "எதுக்கு? அங்கே கிடைக்கிறதைச் சாப்பிட்டுக்கறேன்" என்று எடுத்து வெளியே வைத்தார்.

அவர் போன மறுநாள் பையை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனேன். கொள்ளேகால்காரி விஷயத்தைக் கேட்டு வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"அய்யாவத் தனியாவா அனுப்பி வெச்சீங்க? அந்த ஊருச் சோறு அவிகளுக்கு ஒத்துக்குங்களா?"

"அவருக்கு எல்லாம் ஒத்துக்கும்" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். கையில் பொறுக்கி வைத்திருந்த பிஞ்சுக் கத்திரிக்காயைத் திரும்பக் குவியலில் போடப் போனாள். "அய்யாதான் ஊருல இல்லீங்களே. அப்ப முத்தலையே போட்டுருட்டுங்களா?"

"வேண்டாம்" என்றேன். "பிஞ்சாவே போடு. எனக்கு முத்தல் ஒத்துக்காது."