மூன்றாம் நம்பர் குட்டி

நாய்க்குட்டி பார்க்கப் போகிறவர்கள் வெறுங்கையோடு போவார்கள். மிஞ்சிப் போனால் ஒரு பிஸ்கட் பொட்டலம். சிஸ்டர் எடுத்துக்கொண்டது ஒரு எவர்சில்வர் மூடி, பழைய துண்டு ஒன்று, கணவரின் கைத்தடி, அட்டையில் செருகிய ஒரு தாள், ஒரு பேனா. முப்பத்துநாலு வருஷம் ஆஸ்பத்திரி வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லோருக்கும் அவர் சிஸ்டர்தான். கட்டிய கணவருக்கும் அப்படியே.

"குட்டி பார்க்கப் போறியா, ஆபரேஷன் பண்ணப் போறியா?" என்று நாற்காலியில் இருந்தபடியே கேட்டார் கணவர்; தெருவுக்கு அவர் டிரைவர்.

இருபத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டிய மனுஷன். ஐந்து மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது பக்கத்தை இழுத்துவிட்டது. வாய்க்கு ஒரு பழுதும் இல்லை. கை பாதி திரும்பிவிட்டது. கால்தான் தகராறு. வாக்கரைப் பிடித்துக்கொண்டு படுக்கையறையிலிருந்து குளியலறைக்கும், குளியலறையிலிருந்து நாற்காலிக்கும் போவார். அத்தோடு அன்றைய டிரிப் முடிந்தது. பிசியோதெரபி பெண் வாரத்துக்கு இரண்டு நாள் வந்து, வலது முழங்காலை மடக்கித் தூக்கித் தொப்பென்று தரையில் வைக்கச் சொல்வாள். காலையில் இருபது, மாலையில் இருபது. "நான் என்ன லாடம் கட்டின குதிரையா?" என்பார். அவள் படியிறங்கியதும் கால் தூங்கப் போய்விடும்.

அவர் வாய்விட்டுக் கேட்டது ஒன்றே ஒன்று. ஒரு நாய் வேண்டும்.

சிஸ்டர் ஒரு மாதம் யோசித்தார். காலைச் சுற்றுகிற, மேலே தாவுகிற, வாக்கரைக் கவ்வி இழுக்கிற நாய் வந்து சேர்ந்து டிரைவர் ஒரே ஒரு தடவை விழுந்தால் போதும். இடுப்பெலும்பு போனால் அப்புறம் நாற்காலிகூடக் கிடையாது, கட்டில்தான். இந்த வயதில் அப்படிப் படுத்தவர்களில் எத்தனை பேர் எழுந்து நடந்தார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஒரு கை விரல்களே அதிகம். அதனால் ஒரு நிபந்தனை போட்டார். நாய் வரலாம், ஆனால் பொறுக்குவது நான்.

"என்னையும் இப்படித்தான் மூடியைக் கீழே போட்டு, மிரளறேனான்னு பார்த்துக் கட்டிக்கிட்டியா?"

"பார்த்திருந்தா அந்த நாற்காலியில இப்போ வேற யாராவது உட்கார்ந்திருப்பாங்க" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார் சிஸ்டர்.

குட்டிகள் இருந்தது நாலு தெரு தள்ளி ஒரு அச்சகத்தில். அச்சு இயந்திரம் நிற்கிற பலகை மேடையிலேயே, ஒரு பெரிய அட்டைப்பெட்டிக்குள், அச்சகக்காரரின் நாய் ஐந்து குட்டி போட்டிருந்தது. வெட்டி விழுந்த காகிதச் சீவல்தான் மெத்தை. இயந்திரம் கடகடவென்று ஓட, மேடை அதிர, ஐந்தும் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன.

"எட்டு வாரம் ஆச்சு சிஸ்டர். இந்த மண்டை கறுத்ததை எடுத்துக்குங்க. சிங்கக்குட்டி! யார் வந்தாலும் முதல்ல ஓடி வர்றது இதுதான்" என்றார் அச்சகக்காரர்.

"முதல்ல ஓடி வர்றதுதான் முதல்ல காலைத் தட்டிவிடும். மிஷினை நிறுத்துங்க."

காகிதம் அடுக்கி வைத்திருக்கும் அறை சிமெண்டுத் தரை. குட்டிகள் அதுவரை பார்த்திராத இடம். அதற்குள் ஒவ்வொன்றாகத் தூக்கிப்போய்க் கதவைச் சாத்தினார். தாளில் பெட் நம்பர் ஒன்று, இரண்டு என்று ஏற்கெனவே கோடு போட்டு வைத்திருந்தார். ஒன்று, அந்தச் சிங்கக்குட்டி. கைத்தடியைத் தரையில் இழுத்ததும் பாய்ந்து கவ்வி, தூக்கினால் அதோடு தொங்கியது. இரண்டாவதை மல்லாக்கப் படுக்கவைத்து நெஞ்சில் கை வைத்ததும் ஊரைக் கூட்டியது. அரை நிமிஷத்தில் அடங்கிக் கையை நக்கியது. பரவாயில்லை. நாலாவது ஒரு மூலைக்குப் போய் முகத்தைச் சுவரோடு வைத்துக்கொண்டது. பயந்த நோயாளிதான் ஊசியைத் தட்டிவிடுவான். பயந்த நாய் கடிக்கும். ஐந்தாவதுக்கு ஆள் இருப்பதே கண்ணில் படவில்லை. காகிதக் கட்டைப் பிரிப்பதிலேயே குறி.

மூன்றாம் நம்பர் முக்கால்வாசி வெள்ளை, முதுகில் மட்டும் ஒரு பழுப்புத் திட்டு. சிஸ்டர் நடந்தால் பின்னாலேயே நடந்தது, தாவவில்லை. மல்லாக்கப் போட்டால் துணி மாதிரிக் கிடந்து அவர் முகத்தையே பார்த்தது. கைத்தடி வந்தால் முகர்ந்துவிட்டு ஒதுங்கி வழிவிட்டது. கடைசியாக, அதன் முதுகுக்குப் பின்னால் மூடியைப் போட்டார். அதே மூடிக்கு மற்ற நாலும் துள்ளியிருந்தன. அவற்றில் ஒன்று தரையை நனைத்துமிருந்தது. மூன்றாம் நம்பர் தலையைக்கூடத் திருப்பாமல் செருப்பு வாரை முகர்ந்துகொண்டிருந்தது.

கதவிடுக்கில் எட்டிப் பார்த்த அச்சகக்காரர், "யப்பா, இதுக்கு நரம்பா, கம்பியா?" என்றார்.

'மூன்று: நிதானம். சத்தத்துக்குக் கலங்கவில்லை' என்று எழுதி, அடியில் ஒரு கோடும் போட்டார் சிஸ்டர். சாதாரணமாக அவர் எதற்கும் கோடு போடுகிற ஆள் இல்லை.

டிரைவருக்குக் குட்டியைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. பேர் வைக்க மூன்று நாள் யோசித்தார். அதற்குள் "மூணு எங்க?", "மூணு பால் குடிச்சுதா?" என்று கேட்டுக் கேட்டு அதுவே பேராகிவிட்டது. நாற்காலிக்குப் பக்கத்தில் அது உட்கார்ந்தால் இடது கையைத் தொங்கப் போட்டு அதன் தலையில் வைத்துக்கொள்வார். மத்தியானத் தூக்கம்கூட அப்படியே.

ஒரே ஒரு தொல்லை. அவர்கள் வீடு தையல் கடைக்கு மேல்மாடி, பலகை போட்ட தரை. படுக்கையறைக்கும் குளியலறைக்கும் நடுவே ஆள் ஒருவர் நடக்கிற அகலத்தில் ஒரு வழி. மூணு எப்போதும் அந்த வழியின் நட்டநடுவில்தான் படுத்துத் தூங்கும். வாக்கர் கிளம்பும்போதெல்லாம் சிஸ்டர் முன்னால் ஓடி அதைத் தூக்கி அப்பால் வைப்பார்.

நாலாம் நாள் காலை அவர் மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். திரும்பிப் படியேறும்போதே சத்தம் கேட்டது.

"ஏய் மூணு! எழுந்திருடா! ஏய்!"

உள்ளே ஓடினால், வாக்கரின் முன்கால்கள் அந்தரத்தில் நிற்கின்றன. டிரைவர் இடது கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நடுங்குகிறார். ஒரு சாண் தூரத்தில் மூணு வயிறு ஏறி இறங்க நிம்மதியாகத் தூங்குகிறது. டிப்போவில் அவர் ஒரு குரல் கொடுத்தால் பத்து பஸ்ஸில் இருக்கிறவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள். இதன் காது மடல்கூட அசையவில்லை.

சிஸ்டர் முதலில் அவரை இடுப்போடு பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார். நாடி பார்த்தார். தண்ணீர் கொடுத்தார். பிறகு சமையலறைக்குப் போய் அந்த மூடியையும் ஒரு கரண்டியையும் எடுத்து வந்தார். தூங்குகிற நாயின் பின்னால், காற்றுப் படாத தூரத்தில் நின்று தட்டினார். கை தட்டினார். சாவிக்கொத்தைக் குலுக்கினார். வலது காதுப் பக்கம், இடது காதுப் பக்கம்.

ஒன்றுமில்லை. பிறவியிலேயே சுத்தமாகக் கேட்காது.

வார்டுக்கு வரும் புது நர்ஸ்களிடமெல்லாம் அவர் தவறாமல் சொன்னது ஒன்று உண்டு. நோயாளி அமைதியாக இருக்கிறார் என்று எழுதுகிறதுக்கு முன்னால், அவருக்குக் காது கேட்கிறதா என்று பார். அதைச் சொன்ன வாயோடு, ஒரு செவிட்டுக் குட்டிக்கு நிதானம் என்று எழுதிக் கோடும் போட்டிருக்கிறார். தன்னைத்தானே திட்டிக்கொள்ள அவருக்கு நேரமில்லை. போனை எடுத்தார்.

"ஐயையோ, எனக்கே தெரியாதே சிஸ்டர்! கொண்டு வந்துடுங்க. வேற ரெண்டு குட்டி இன்னும் இருக்கு, மாத்திக்கலாம்" என்றார் அச்சகக்காரர்.

"இதை என்ன பண்ணுவீங்க?"

"வாசல்லயே லாரி போற ரோடு... பார்க்கலாம் சிஸ்டர்."

அந்தப் 'பார்க்கலாம்' சிஸ்டருக்குப் பழக்கமானதுதான். டாக்டர்களும் அதைச் சொல்வார்கள், பார்க்க ஒன்றும் மிச்சமில்லாதபோது.

"நாளைக்கு மாத்திட்டு வந்துடறேன்" என்றார் கணவரிடம்.

"அது என்ன செருப்பா, அளவு சரியில்லேன்னு மாத்தறதுக்கு?"

"நீங்க விழுந்தா?"

"ஹாரன் அடிச்சாலும் நகராத ஆளுங்க ரோட்ல எவ்வளவோ பேர். நான் ஒருத்தரையாவது இடிச்சிருக்கேனா?"

"அப்போ உங்க வலது கால் பிரேக் மேல இருந்துச்சு."

டிரைவரின் இடது கை தொங்கி நாயின் தலையைத் தேடியது. "ஒரு வாரம் குடு" என்றார். கேலி இல்லாத குரல். ஐந்து மாதத்தில் அவர் எதற்கும் அப்படிக் கெஞ்சியதில்லை.

"ஒரே வாரம். கடைசி நாள் நான் தூக்க மாட்டேன், பக்கத்துல வர மாட்டேன். அன்னிக்கும் அது உங்க வழியில கிடந்து நீங்க தடுமாறினா, சாயங்காலமே அச்சகம்."

"ரைட்" என்றார் டிரைவர்.

சிஸ்டர் நாயின் மெத்தையைக் கூடத்தில் போட்டுப் பார்த்தார். மூணு திரும்ப அந்த வழிக்கே வந்தது. குறுக்கே முக்காலி வைத்தார். அதன் அடியில் நுழைந்து படுத்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அங்கே படுக்கவே இல்லை. வீடு முழுக்க முனகிக்கொண்டு சுற்றியது. திங்கள் காலை கீழே தையல் கடை திறந்து மிஷின் ஓட ஆரம்பித்ததுதான் தாமதம், ஓடிப்போய் அதே பலகையில் வயிற்றைப் பரப்பிப் படுத்தது.

சிஸ்டர் குனிந்து உள்ளங்கையைப் பலகையில் வைத்தார். விர்ரென்று அதிர்ந்தது. நேர் கீழே தையல் மிஷின். பிறந்ததிலிருந்து அதிர்கிற மேடையில் தூங்கிய குட்டிக்கு அதுதான் தாலாட்டு.

கீழே இறங்கிப் போனார். "தம்பி, இந்த மிஷினைக் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளிப் போட முடியுமா? மேல எங்க நாய் தூங்கணும்."

தையல்காரர் வாயிலிருந்த குண்டூசியை எடுத்தார். "அக்கா, இந்தக் கடையில இருக்கறதே ஒரு ஜன்னல். உங்க நாய் தூங்க நான் இருட்டுல பட்டன் தைக்கணுமா?"

நியாயம்தான். சிஸ்டர் மேலே வந்து குதிகாலால் பலகையில் ஓங்கி ஒரு மிதி மிதித்தார். மூணு சட்டென்று தலையைத் தூக்கிப் பார்த்தது. இன்னொரு மிதி. எழுந்து வந்தது.

அப்புறம் கணக்குச் சுலபம். வாக்கரின் நாலு காலிலும் ரப்பர். பலகைக்குச் சேதி போகாது. கைத்தடிக்குக் கை காலியில்லை. மிதிக்கத்தான் வேண்டும். இடது காலைத் தூக்கினால் வலது கால் தாங்காது. ஆகவே, பிசியோதெரபி பெண் மாதக் கணக்கில் கெஞ்சியும் தூங்கிக்கொண்டிருக்கிற அதே கால்தான்.

எக்ஸர்சைஸ் என்று சொன்னால் குதிரைக் கதை வரும். அதனால், "உங்க வண்டியில ஹாரன் இருக்கு. ஆனா அது வலது கால்ல இருக்கு" என்று மட்டும் சொல்லி, மிதித்தும் காட்டினார்.

டிரைவர் நாயைப் பார்த்தார், காலைப் பார்த்தார். வாக்கரைப் பிடித்து எழுந்து நின்றார். முதல் தடவை கால் இரண்டு விரற்கடை எழும்பி, ஈரத்துணி விழுகிற மாதிரி விழுந்தது. மூணு தூங்கியது.

"இதுக்கு எறும்புகூட எழுந்திருக்காது" என்றார் சிஸ்டர். அவர் கை கணவரின் இடுப்பு பெல்ட்டைப் பின்னாலிருந்து பிடித்திருந்தது.

"நீ கொஞ்சம் சும்மா இரு."

நெற்றி வியர்க்க அன்றைக்கு எத்தனை தடவை தூக்கினாரோ. மறுநாள் நாலு விரற்கடை. புதன்கிழமை சாயங்காலம், 'தொப்'. மூணு தலையைத் தூக்கியது. இன்னொரு 'தொப்'. எழுந்து சோம்பல் முறித்து, பின்னால் திரும்பி அவரைப் பார்த்துவிட்டுச் சுவரோரம் ஒதுங்கியது. வால் சுவரில் பட்பட்டென்று அடித்தது.

"ரைட், போலாம்!" என்றார் டிரைவர், வாக்கரிடமா நாயிடமா தெரியவில்லை.

கடைசி நாள் வெள்ளிக்கிழமை. சிஸ்டர் சொன்னபடி சமையலறையை விட்டு அசையவில்லை. கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கீழே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது; மூணு எங்கே கிடக்கும் என்று பார்க்க வேண்டியதில்லை. படுக்கையறைக் கதவு திறந்தது. வாக்கர் இரண்டு எட்டு வைத்து நின்றது. சத்தமே இல்லை. சிஸ்டரின் கத்தி காயின் பாதியில் நின்றது. அவர் கால் சமையலறை வாசல் பக்கம் திரும்பிவிட்டது. உடம்பை அங்கேயே பிடித்து நிறுத்தினார்.

தொப். தொப்.

பலகையில் நகங்கள் நடந்து போயின. வாக்கர் கிளம்பியது. குளியலறைக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டதும் சிஸ்டர் மிச்சக் காயை நறுக்கினார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு அந்தத் தாளை எடுத்து, 'நிதானம்' என்பதை அப்படியே விட்டு, மற்றதை அடித்து, 'காது கேட்காது. தரையில் மிதித்துக் கூப்பிடவும்' என்று எழுதினார். இந்தத் தடவை கோடு போடவில்லை.

அடுத்த முறை வந்த பிசியோதெரபி பெண் கால் எழும்புகிற உயரத்தைப் பார்த்து வாயைப் பிளந்தாள். "ஐயா, தினமும் எக்ஸர்சைஸ் பண்றீங்களா!"

"அதுக்கெல்லாம் ஏதும்மா நேரம்? நாளெல்லாம் இந்த நாயைக் கூப்பிடவே எனக்குச் சரியா இருக்கு" என்று சலித்துக்கொண்டார் டிரைவர். தொப், தொப் என்று இரண்டு மிதியும் மிதித்தார். மூணு கூடத்திலிருந்து ஓடி வந்தது.

கீழேயிருந்து யாரோ அளவுகோலால் கூரையைக் குத்தினார்கள். மூணு அந்த இடத்துக்கும் ஓடிப்போய் வாலை ஆட்டியது.

"அக்கா!" என்று ஜன்னல் வழியாகக் கத்தினார் தையல்காரர். "மேலேருந்து தூசியா கொட்டுது! வெள்ளைச் சட்டை தைக்கிறேன் அக்கா!"

சிஸ்டர் ஜன்னலில் தலையை நீட்டினார். "மேல ஒரு துணியைக் கட்டிக்க தம்பி. எங்க வீட்ல குதிரை வளர்க்கறோம்."