கூப்பிட ஒரு பெயர், காகிதத்துக்கு ஒரு பெயர்

பிறந்த குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருப்பவளின் தலையெழுத்து இதுதான்: குழந்தையைத் தூக்குவது நாங்கள், பெயர் வைப்பது மற்றவர்கள், அதற்கான சண்டை நடப்பது எங்கள் மூக்குக்கு முன்னால்.

நான் கரக்பூரில் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த தமிழ்ப் பெண். வேலை கொல்கத்தாவில், லேக் கார்டன்ஸ் பக்கம் ஒரு நர்ஸிங் ஹோமில். இங்கே ஒவ்வொரு குழந்தைக்கும் இரண்டு பெயர். வீட்டில் கூப்பிடுவதற்கு டாக் நாம். பள்ளிக்கூடம், பாஸ்போர்ட், கல்யாணப் பத்திரிகை இவற்றுக்கெல்லாம் பாலோ நாம், அதாவது நல்ல பெயர். இரண்டு பெயர் என்றால் ஆளுக்கொன்று வைத்துக்கொண்டு சமாதானமாகப் போய்விடலாமே என்று நீங்கள் நினைக்கலாம். நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படித்தான் நினைத்தேன். சண்டையும் இரண்டாகும் என்பது பிறகுதான் தெரிந்தது. மாமியார், நாத்தனார், ஜோசியர் என்று யாரிடமாவது ஒரு பெயருக்காக மல்லுக்கு நின்று தோற்றவர் நீங்கள் என்றால், வாருங்கள், இப்படிப் பக்கத்தில் உட்காருங்கள்.

கையில் கட்டிய பெயர்

குழந்தை பிறந்த உடனே அதன் மணிக்கட்டில் ஒரு டேக் கட்டுவோம். அதில் தாயின் பெயர் இருக்கும். குழந்தை மாறிப்போகக் கூடாது என்பதற்காகத்தான். வேறு எந்தத் தத்துவமும் அதில் கிடையாது. ஷோமா என்ற பெண்ணுக்குப் பையன் பிறந்தான். அவளுடைய மாமனார், வங்கியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர், பேரனைப் பார்க்க வேட்டி, வங்காளி ஜிப்பாவில் ஜம்மென்று வந்தார். டேக்கைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "இது எங்கள் வம்சத்துப் பிள்ளை. மருமகள் பெயரைக் கட்டி வைத்திருக்கிறீர்களே, யார் கொடுத்த அதிகாரம்? கழற்றிவிட்டு எங்கள் குடும்பப் பெயரைப் போடுங்கள்" என்றார். பாலோ நாம் அவருடைய குருஜி தரப்போகிறாராம். டாக் நாம் அவருடைய தங்கை முடிவு செய்துவிட்டாளாம். ஷோமாவுக்கும் ஒரு ஆசைப் பெயர் இருந்தது. அதை அவள் கணவன் ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, அப்பாவின் முகத்தைப் பார்த்து, அதோடு நிறுத்திக்கொண்டான்.

விதியைச் சொல்லி, டேக்கைக் கழற்ற முடியாது என்று அவரை அனுப்பி வைத்தேன். அவர் புலம்பிக்கொண்டே போனார். திரும்பி வந்தால் ஷோமா ஆபரேஷன் வலியோடு ஒருக்களித்துப் படுத்து, பையனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் எல்லாம் இல்லை. என்னை அக்கா முறை வைத்து மெதுவாகச் சொன்னாள்: "நல்ல வேளை தீதி, கழற்றலை. இவன் உடம்புல என் பேர் இருக்கப்போறது வீட்டுக்குப் போற வரைக்கும்தான்."

எழில்

கவிதாவுக்கு ஊர் திருநெல்வேலி. நியூ டவுனில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. கூட வேலை பார்த்த வங்காளிப் பையனைக் கட்டிக்கொண்டாள். வார்டில் தமிழ் பேச ஆள் கிடைத்ததில் அவளுக்கு ஏக சந்தோஷம். என்னிடம் எல்லாவற்றையும் கொட்டுவாள். பெண் பிறந்தது. பெயர் விஷயத்தில் இரண்டு வீட்டுக்கும் ஒப்பந்தம் ஏற்கெனவே ஆகியிருந்தது: பாலோ நாம் கவிதா வைப்பாள், டாக் நாம் மாமியார் வீட்டார் வைப்பார்கள். எழில் என்று வைத்தாள். அவர்கள் மிஷ்டி என்றார்கள், இனிப்பு என்று அர்த்தம். பிரசவத்துக்கு வந்திருந்த கவிதாவின் அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "அவங்க வீட்டுக்குள்ள என்னத்தையும் சொல்லிக் கூப்பிடட்டும் சிஸ்டர். சர்டிபிகேட்டுல நம்ம பேருல்லா இருக்கு!" என்றார். நானும் கவிதா ஜெயித்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

குழந்தை நடக்கிற வயதில் தடுப்பூசிக்குக் கூட்டி வந்தாள். நான் ஆசையாக "எழில்!" என்று கூப்பிட்டேன். திரும்பவே இல்லை. இன்னொரு தடவை கூப்பிட்டேன், அப்போதும் இல்லை. வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த அத்தைக்காரி "மிஷ்டி" என்று வாய்க்குள் முனகினாள். குழந்தை ஓடிப்போய் அவள் காலைக் கட்டிக்கொண்டது. மாமியார் வீட்டில் யாருக்கும் 'ழ' வராதாம். ஆங்கில எழுத்தைப் பார்த்து எஜில், எஜில் என்று கொஞ்ச நாள் முயற்சி செய்துவிட்டு, சிரிப்பு வந்ததும் விட்டுவிட்டார்களாம். பகலெல்லாம் வேலைக்குப் போகிற கவிதாவும் குழந்தை திரும்பிப் பார்க்க வேண்டுமே என்று மிஷ்டிக்கு இறங்கி வந்துவிட்டாள். ஊசி போட்டு முடிந்ததும் என் பக்கம் குனிந்து சொன்னாள்: "பேப்பர்ல ஜெயிச்சேன் சிஸ்டர். வாயில தோத்துட்டேன்."

ஹாபு

எங்கள் பெரிய டாக்டர் ஒரு சிங்கம். ரவுண்ட்ஸ் வந்தால் குழந்தைகள்கூட அழுகையை நிறுத்திவிடும் என்று ஆயாக்கள் சொல்வார்கள். அவருடைய பாலோ நாம் சமஸ்கிருதத்தில் நீளமாக இருக்கும். முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு ஊசி போட்டுவிடலாம். ஒருநாள் அவருடைய அம்மா கீழே ரத்தப் பரிசோதனைக்கு வந்தவர், மகனைப் பார்க்கலாம் என்று மாடிக்கு வந்துவிட்டார். நீள வராந்தாவில், ஜூனியர் டாக்டர்கள் புடைசூழ நின்றவரைப் பார்த்து உரக்கக் கூப்பிட்டார்: "ஹாபு! சாப்பிட்டியா?" வங்காள மொழியில் ஹாபா என்றால் அசடு. ஒரு ஜூனியர் சிரிப்பை அடக்கத் தெரியாமல் இருமினான்.

டாக்டர் அம்மாவைத் தனியே அழைத்துப்போய் ஏதோ சொன்னார். சத்தம் போடவில்லை, ஆனால் திரும்பி வந்த கிழவி பெஞ்சில் உட்கார்ந்த விதம் நன்றாக இல்லை. தண்ணீர் கொண்டு போய்க் கொடுத்தேன். இனிமேல் ஆஸ்பத்திரிக்கு வந்தால் பாலோ நாம் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், இல்லையென்றால் மாடிக்கே வர வேண்டாம் என்றானாம். டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னார்: "எனக்கு அந்த டாக்டரைத் தெரியாதும்மா. நான் பெத்தது ஹாபுவைத்தான்."

எடுத்து வைத்த பெயர்

காளிகாட் பக்கம் இட்லி, வடை, முறுக்கு வியாபாரம் செய்கிற நம்மூர்க்காரர் ஒருவர். மதுரைப் பக்கம். மனைவி பாண்டியம்மாள் விடிவதற்கு முன்பே மாவாட்டி, சட்னி அரைத்து, கடையையும் பார்த்துக்கொள்வாள். அவளுக்கு மூன்றாவது பிரசவம், ஆபரேஷன். மூன்றாவதும் பெண். மனிதர் தொட்டிலை எட்டிப் பார்த்தார், அவ்வளவுதான். பெயர் என்ன வைக்கப் போகிறீர்கள் என்று கேட்டேன். "வீட்ல கூப்பிட ஏதாச்சும் ஒண்ணு வச்சாப் போதும் சிஸ்டர். சின்னக்குட்டின்னு கூப்பிட்டுக்கலாம். நல்ல பேரு ஒண்ணு குலசாமி கோயில்ல உத்தரவு கேட்டு எடுத்து வச்சிருக்கேன். அது பையனுக்கு" என்றார். பையன் எங்கே என்று கேட்டேன். "அடுத்தது பையன்தான்" என்றார், ரயில் அடுத்த பிளாட்பாரத்தில் வரும் என்பதுபோல.

மூத்த இரண்டு பெண்களும் படிக்கட்டுக்குப் பக்கத்தில் யூனிபார்மோடு நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் அவர்களை அழைத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பினார். நான் பாண்டியம்மாளுக்குத் தையல் போட்ட இடத்தைப் பார்க்கத் திரையை இழுத்தேன். அவளுக்கு ஆறுதலாக ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தால், அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். வயிறு குலுங்கினால் வலிக்கும் என்பதால் ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அந்தப் பேர அவரு பத்திரமா வச்சுக்கிடட்டும் சிஸ்டர். நான் டாக்டரம்மாகிட்ட சொல்லி, கையெழுத்தும் நானே போட்டு, ஆபரேஷனோட ஆபரேஷனா குடும்பக் கட்டுப்பாடும் பண்ணிக்கிட்டு வந்துட்டேன்."

கடுகு

இதை எழுதலாமா வேண்டாமா என்று வெகுநேரம் யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

வாடகைக் கார் ஓட்டுகிற பையன் ஒருவன். அவன் மனைவி மாம்பி. முதல் குழந்தை, நாள் ஆவதற்கு வெகுமுன்னே பிறந்துவிட்டது. பெண். என் உள்ளங்கையில் தலை, மணிக்கட்டைத் தாண்டிக் கொஞ்சம் தூரத்தில் கால். கண்ணாடிப் பெட்டிக்குள் குழாய்களோடு வைத்திருந்தோம். வீட்டில் பெரியவள் அந்தப் பையனின் அத்தை. அவள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: குழந்தை வீட்டுக்கு வருகிற வரைக்கும் யாரும் பெயர் வைக்கக் கூடாது, டாக் நாம் கூட வேண்டாம், பெயர் வைத்தால் பாசம் கூடிவிடும், பிறகு தாங்க முடியாது. பொல்லாதவள் இல்லை அவள். அவளும் ஒன்றைப் பறிகொடுத்தவளாம்.

ஆனால் வார்டில் நாங்கள் என்ன செய்வது? 'மூலைப் பெட்டி', 'அந்தக் குழந்தை' என்றே எத்தனை நேரம் சொல்வது? நான் ஒருநாள் வாய்தவறி "என் கடுகே" என்றேன். வங்காளி நர்ஸ்கள் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் வாயில் அது கொடுகு ஆகிவிட்டது. கொடுகு இன்றைக்கு எடை கூடியிருக்கிறது, கொடுகு பால் குடித்துவிட்டது, கொடுகு நர்ஸ் ஜோர்னாவின் விரலைப் பிடித்தது என்று ஷிப்ட் மாறும்போதெல்லாம் அந்தப் பேச்சுத்தான். மாம்பி வந்தால் மட்டும் எல்லோரும் வாயை மூடிக்கொள்வோம். அவள் வீட்டார் வேண்டாம் என்றதை நாங்கள் செய்தோம் என்று தெரிந்தால் மனசு நோகுமே என்ற பயம். அவளும் கண்ணாடிமேல் கையை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் நிற்பாள். எதைச் சொல்லிக் கூப்பிடுவாள்?

குழந்தை தங்கவில்லை. ஒரு மத்தியானம், எல்லாம் நன்றாகப் போகிறது என்று நாங்கள் நம்ப ஆரம்பித்திருந்த சமயத்தில் போய்விட்டது. அதற்குக் கொஞ்ச நாள் கழித்து மாம்பி தனியாக வந்தாள். கணவன் கீழே காரில் இருந்தான். கோபமாக வந்திருக்கிறாள் என்று நினைத்து ஜோர்னா உள்ளே நழுவிவிட்டாள். மாம்பி என் எதிரே நின்று கேட்டாள்: "நீங்க எல்லாரும் அவளை ஏதோ ஒரு பேர் சொல்லுவீங்களே. நான் வந்தா நிறுத்திடுவீங்க. அது என்ன பேர்?"

சொன்னேன். தமிழில் கடுகு என்றால் சர்ஷே, தாளிக்கும்போது வெடித்துக் குதிக்குமே அதுதான், அவளும் அப்படித்தான் காலை உதைத்துக்கொண்டிருப்பாள் என்றேன். மாம்பி வாயில் அந்த வார்த்தையை வைத்துச் சொல்லிப் பார்த்தாள். முதலில் வரவில்லை. திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் திருத்தினேன், கடைசியில் என்னைப்போலவே சொல்லிவிட்டாள். பிறகு துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அப்போ அவளை யாரோ கூப்பிட்டிருக்காங்க, தீதி."

என் வீட்டு வாக்கெடுப்பு

ஊராருக்கு இவ்வளவு பார்த்தவளுக்கு வீட்டில் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். போன வருஷம் எனக்குப் பேரன் பிறந்தான். மகனும் மருமகளும் நியூ டவுனில் பதினாறாவது மாடியில் இருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் குரூப் ஆரம்பித்து, பெயருக்கு வாக்கெடுப்பு நடத்தினார்கள். பாலோ நாம் பற்றி நான் வாயே திறக்கவில்லை. இறந்துபோன என் கணவரை வீட்டில் எல்லோரும் துரை என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் போன பிறகு அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட எனக்கு ஆள் இல்லை. டாக் நாம் மட்டும் துரை என்று இருக்கட்டுமே என்று எழுதினேன். அதற்கு ஒரே ஒரு ஓட்டு விழுந்தது. அது என்னுடையது.

பேரனுக்கு ரியான் என்று வைத்தார்கள். டாக் நாம் ரியோ. இரண்டுக்கும் நடுவில் ஒரு எழுத்துகூட எனக்கு இடமில்லை. ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்பு வைத்து எடுத்துக்கொண்டு போனபோது, "ஒரு ஓட்டாவது நீ போட்டிருக்கலாமேடா" என்று மகனிடம் மெதுவாகச் சொன்னேன். போனிலிருந்து தலையை எடுக்காமல், தமாஷ் செய்வதாக நினைத்துக்கொண்டு அவன் சொன்னான்: "உனக்குத்தான் வார்டுல தினம் புதுசு புதுசா குழந்தை வருதேம்மா, அதுல ஏதாவது ஒண்ணுக்கு வெச்சுக்கோயேன்." மருமகள் சிரிக்கவில்லை. நான்தான் சிரித்தேன்.

மொத்தத்தில் எங்கள் வார்டில் பெயரைப் பற்றி வாயே திறக்காதவர்கள் குழந்தைகள் மட்டும்தான், அதனால் அவர்களோடு வேலை பார்ப்பதில் எனக்கு இன்றுவரை ஒரு மனத்தாங்கலும் இல்லை.