எதிர்வீட்டுக் கண்கள்

மாலை நான்கு மணிக்கு மதுரை பஸ் வந்தது. கல்லூரியிலிருந்து வர வேண்டிய என் மகள் அதில் இல்லை; அவள் போனும் அணைந்திருந்தது. உளவியல் படிப்பவள். “மத்தவக நம்மளப் பத்தி என்ன நெனப்பாகன்னு நாமளே நெனச்சுக்கிறோம்ல, அதுலதாம்ப்பா பாதி ‘நான்’ இருக்கு” என்று போன மாதம் சொன்னாள். நான் சிரித்தேன்.

பஸ் நிலையத்திலிருந்து தனியாகத் திரும்பிய என்னை எதிர்வீட்டு மீனாட்சி அக்கா நிறுத்தினார். “என்ன தம்பி, பாப்பா வரலையா?”

“அரியக்குடியில அவ அத்தை வீட்டுக்குப் போயிருக்கா.”

சொன்ன பிறகுதான் உறைத்தது. மகளைத் தேட ஆள் வேண்டிய நேரத்தில், ஊர் வாய்க்குப் பயந்து பொய் சொல்கிறேன். ஒரு மணி நேரம் தவித்துவிட்டு, அக்கா வீட்டுக்கே போய் உண்மையைச் சொன்னேன்.

“கூறு இருக்கா தம்பி? இதைப் போயி மறைச்சீகளே!” என்றவர் உள்ளே திரும்பிக் கத்தினார்: “ஏலே பெரியவனே, சைக்கிளை எடு. மதுரை பஸ் வர்ற குன்றக்குடி ரோட்டுல போயிப் பாரு!”

நான் பயந்த ஏளனம் அந்த முகத்தில் இல்லை. அது என் மனத்துக்குள் மட்டுமே இருந்திருக்கிறது.

விளக்கு வைத்த பிறகு, அந்தப் பையனின் சைக்கிளிலிருந்து என் மகள் இறங்கினாள்.

“முதல் பஸ்ஸ விட்டுட்டேன்ப்பா. அடுத்தது குன்றக்குடியில நின்னுபோச்சு” என்றவள், குரலைத் தாழ்த்தினாள். “தெருவே பாக்குதுப்பா.”

“பாக்கட்டும் ஆத்தா” என்றேன்.