என்ஜினை அணைத்து இறங்கும் ஊர்

சுலைமானின் வலது கால் மடங்காமல் போனதற்கு நான்தான் காரணம். மழை காரணமில்லை. அவர் கட்டியிருந்த துணி மூட்டையும் காரணமில்லை. போர்ட் பிளேரில் இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. என்னைத் தெரியாத உங்களிடம் சொல்லிப் பார்க்கிறேன்.

இந்த ஊரில் இறக்கம் வந்தால் வண்டியின் என்ஜினை அணைத்துவிடுவார்கள். கப்பலை விட்டு இறங்கிய அன்றே அதைப் பார்த்தேன். என்னையும் என் டிரங்குப் பெட்டியையும் ஏற்றிக்கொண்ட பஸ் மேட்டில் முக்கி முனகி ஏறியது. உச்சியைத் தாண்டியதும் சத்தம் நின்றுபோயிற்று. வண்டி பழுதாகிவிட்டது என்று நான் எழுந்து நின்றேன். பக்கத்திலிருந்தவர் என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். பஸ் சத்தமில்லாமல் உருண்டு கடல் தெரியும் வளைவைக் கடந்து மறு மேட்டின் அடியில் உறுமிக்கொண்டு உயிர்பெற்றது. இங்கே பெட்ரோல் பீப்பாய்களில் கப்பலேறி வரவேண்டும். கப்பல் தாமதித்தால் ஊரே நடக்கும். ஆகவே இறக்கத்தில் எரியும் எண்ணெய் வீண் எண்ணெய். நான் வந்தது திருநெல்வேலிச் சீமையிலிருந்து. எங்கள் ஊரில் மேடு என்று இருந்தது ரயில்வே பாலம் ஒன்றுதான். அதிலும் இறங்கும்போது என்ஜினை அணைக்க யாருக்கும் தோன்றியதில்லை.

அரசாங்கப் பட்டறையில் டிராப்ட்ஸ்மேன் வேலை எனக்கு. இயந்திரங்களின் வரைபடம் போடுகிறவன் என்பதால் பஜாரில் எனக்கு ஒரு மரியாதை இருந்தது. அதே அளவுக்குக் கேலியும் இருந்தது. கூரைக்கு ஓடு கேட்டு அலைந்தது, தபால் தினமும் வரும் என்று நம்பியது, இங்கே விளையாத காய்க்கு ஏங்கியது என்று என்னுடைய ஒவ்வொரு மெயின்லேண்ட் வழக்கமும் அவர்களுக்குச் சிரிப்பு. நான் பல வருடம் அதைச் சகித்தேன். பிறகு, எழுபதுகளின் தொடக்கத்தில், விடுமுறைக்குப் போன இடத்திலிருந்து ஒரு மொபெட் கொண்டுவந்தேன். அப்போதுதான் புதிதாக வந்திருந்த வண்டி அது. சைக்கிளுக்கு அண்ணன், ஸ்கூட்டருக்குத் தம்பி. மோட்டார் வண்டி வாங்க வக்கில்லாதவர்களுக்கென்றே செய்தது. எங்கள் தீவு அதுவரை அதைப் பார்த்ததில்லை.

சுலைமானின் அண்ணன் வைத்திருந்த ஜவுளிக்கடை வாசலில் அதை நிறுத்தினேன். கூட்டம் கூடிவிட்டது. மண்டல் என்ற வங்காளி தன் கனத்த மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கி வந்தார். கிழக்கு வங்காளத்திலிருந்து குடியேறியவர், ரங்கத் என்ற ஊரில் வயல், போர்ட் பிளேரில் மரக்கடை. எல்லோரும் பேசியது தீவின் இந்தி. அதைத் தமிழாக்கித் தருகிறேன்.

"அரே பாபு, மீதி வண்டி பின்னால் வர்ற கப்பல்லயா?" என்றார் மண்டல்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் அந்த வண்டியைத் தவிர வேறு பேச்சில்லை. கியர் கிடையாது. விலையைக் குறைக்க அதை எடுத்துவிட்டிருந்தார்கள். ஏற்றத்தில் திணறினால் பெடலை மிதிக்கவேண்டும். டயர் மெல்லியது, சேற்றில் கத்தி மாதிரி இறங்கியது. என்ஜின் மெதுவானால் விளக்கும் மங்கியது. பிரேக் டிரம் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஆனால் ஒரே ஆள் அதைத் தூக்கிப் படகில் வைத்துவிடலாம். லாங் ஐலண்டுக்குக்கூடக் கொண்டுபோகலாம், மண்டலின் வண்டிக்கு அந்த யோகம் இல்லை. எண்ணெயைக் குடிக்காது, நக்கும். அதைவிட, ஒரு குமிழைத் திருப்பினால் என்ஜின் சக்கரத்திலிருந்து கழன்றுகொண்டு வண்டி வெறும் சைக்கிளாகிவிடும். அதைக் காட்டியதும் கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. இறக்கத்துக்கென்றே செய்தது போல அவர்களுக்குப் பட்டது.

மரைன் ஹில் மேட்டில் ஒவ்வொருவராக ஓட்டிப் பார்த்தார்கள். மண்டல் பாதி மேட்டில் மிதித்து மிதித்து வேர்வையில் குளித்துத் திரும்பினார். "இது என்னை ஏத்துதா, நான் இதை ஏத்துறேனா, அதைச் சொல்லுங்க பாபு!" என்றார். பிறகு பிரேக்கை விரலால் தட்டி, "இது போதாது. இதைச் செஞ்சவன் மலையைப் பார்த்தவன் இல்லை" என்றார்.

"வண்டி செய்கிறவனுக்குக் கணக்குத் தெரியும்" என்றேன். எனக்குக் கோபம். அத்தனை வருடத்தில் என் நாட்டிலிருந்து வந்த ஒரு பொருளை அவர்கள் ஆசையோடு பார்த்தது அதுதான் முதல் தடவை.

மண்டல் சொன்னது சரி என்று எனக்கு ஏற்கெனவே தெரியும். சில நாள் முன்பு, தூறல் நேரத்தில், பின்னால் அரிசி மூட்டையைக் கட்டிக்கொண்டு, குமிழைத் திருப்பிவிட்டு அதே இறக்கத்தில் வந்தேன். என்ஜின் மாட்டியிருந்தால் அதுவே வண்டியைப் பின்னுக்குப் பிடித்து இழுக்கும். பிரேக்குக்குப் பாதி வேலைதான். சமவெளிக்காரர்கள் அந்த நம்பிக்கையில்தான் அதைச் சின்னதாக்கியிருக்கிறார்கள். என்ஜின் கழன்றபோது பிரேக் சூடேறிப் பிடிமானத்தை இழந்தது. லீவர் கைப்பிடியோடு ஒட்டிக்கொண்டது. வண்டி நிற்கவில்லை. வளைவில் மண்மேட்டில் மோதி விழுந்தேன். முழங்கைச் சிராய்ப்பைப் பற்றிக் கேட்ட மனைவியிடம் குழாயடியில் வழுக்கிவிட்டது என்றேன்.

சுலைமான் அந்த வாரம் முழுவதும் வண்டியையே சுற்றிச் சுற்றி வந்தார். காயல்பட்டினம் பக்கத்துக்காரர், என்னைவிட வயதில் இளையவர். அண்ணன் கடையில் துணி கிழித்துக்கொடுக்கும் வேலை. மேட்டுக் குவார்ட்டர்ஸ்களுக்குத் துணி மூட்டை கொண்டுபோய்த் தனியாக வியாபாரம் செய்யவேண்டும் என்பது அவர் கனவு. கூட்டம் கலைந்தபின் என்னிடம் தமிழில் கேட்டார்.

"அண்ணாச்சி, மூட்டையைக் கட்டிக்கிட்டு இதுல எறக்கத்துல வரலாமா? நீங்க படிச்சவுக. வரலாம்னா வாங்குறேன், வேணாம்னா விட்டுருதேன்."

"தாராளமா வரலாம் தம்பி" என்றேன்.

அடுத்த சில மாதங்களில் தீவுக்கு இன்னும் பல மொபெட்டுகள் வந்தன. அவற்றில் ஒன்று சுலைமானுடையது. அந்த மழைக்காலத்தில் கப்பல் பிந்தியது. பெட்ரோல் கிடைக்கவில்லை. எல்லோரையும் போல சுலைமானும் குமிழைத் திருப்பிவிட்டு, மூட்டையோடு மரைன் ஹில்லில் இறங்கினார். அதே வளைவு. என்னைத் தடுத்த மண்மேட்டைத் தாண்டிக் கல் மதகில் மோதினார். நான் போனபோது சேலைகள் ஓடையில் விரிந்து கிடந்தன. யாரோ அவற்றைப் பிழிந்து வேலியில் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் அவர் கட்டிலைச் சுற்றி நின்று பஜார் தீர்ப்புச் சொன்னது. மூட்டை கனம். கட்டத் தெரியவில்லை. ஓட்டத் தெரியாதவன். மண்டல் மட்டும், "வண்டியில்தான் குறை" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். "என்ஜினைக் கழற்றியிருக்கக்கூடாது" என்றேன். அதே இடத்தில் அதே குமிழைத் திருப்பி விழுந்த நான் சொன்னேன். சுலைமான் கண்ணை மூடிக்கொண்டு, "என் தப்புத்தான்" என்றார்.

எலும்பு கூடியது, முழங்கால் மடங்கவில்லை. மேட்டு வியாபாரம் போயிற்று. பழையபடி அண்ணன் கடை, ஒரு காலை நீட்டிக்கொண்டு.

பிறகு நான் செய்தது இது. பட்டறை முடிந்த மாலைகளில், கழித்துப்போட்ட ஸ்கூட்டர் சக்கரத்தின் பெரிய டிரம்மை மொபெட்டின் பின்சக்கரத்தில் பொருத்த ஒரு வழி கண்டுபிடித்தேன். நானே மூட்டை கட்டிக்கொண்டு, குமிழைத் திருப்பி, ஈரத்தில் இறங்கிப் பார்த்தேன். நின்றது. ஊரிலிருந்த மொபெட்டுகளுக்கெல்லாம் ஒவ்வொன்றாக மாட்டிக்கொடுத்தேன். ஆட்கள் அதை 'பாபு பிரேக்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். டீக்கடையில் எனக்கு எழுந்து இடம் கொடுத்தார்கள். ஒவ்வொரு சலாமும் உடம்பில் முள்ளாகத் தைத்தது.

தாங்காமல் ஒரு நாள் சுலைமானிடம் போய்ச் சொன்னேன். அவர் துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"முன்னாடியே விழுந்திருக்கீயளா?"

"ஆமா."

"தெரிஞ்சேதான் வரலாம்னு சொன்னீயளா?"

"ஆமா, தம்பி."

மடிப்பைக் கலைத்துத் திரும்ப மடித்தார். "காலு போச்சு. அது வராது. ஆனா எங்க அண்ணன் புள்ளைக்கிக்கூட நான் ஓட்டத் தெரியாதவன். என்ட்ட சொல்லி என்ன செய்ய? அவுககிட்ட சொல்லுங்க. அவுக பாஷையில சொல்லுங்க."

அன்று மாலையே அந்தக் கடை வாசலில், மண்டலும் மற்றவர்களும் இருக்கையில், என் ஓட்டை இந்தியில் எல்லாவற்றையும் சொன்னேன். அரிசி மூட்டை, மண்மேடு, முழங்கை, குழாயடிப் பொய், எல்லாம். பிறகு மண்டல் எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

"படா தில், பாபு! பெரிய மனசு! சுலைமான் பெயரைக் காப்பாத்தப் பழியை உங்க மேல போட்டுக்கிறீங்களே!"

"இல்லை மண்டல்பாய், உண்மையைச் சொல்கிறேன்."

"எங்களுக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியும்" என்று முதுகில் தட்டினார். பிரேக்கில் குறை என்று முதலில் சொன்ன மனிதர். கத்தினேன். சட்டைக் கையை மடித்துத் தழும்பைக் காட்டினேன். பட்டறையில் எங்கேயாவது பட்டிருக்கும் என்றார்கள். ஒருவர் எனக்கு டீ வரவழைத்தார். உள்ளே சுலைமான் நீட்டிய காலோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"போதும் அண்ணாச்சி, டீ ஆறுது" என்றார். அதற்குப் பிறகு அவர் என்னை வண்டியைப் பற்றி ஒன்றும் கேட்டதில்லை.

வருடங்கள் போய்விட்டன. மற்ற இறக்கங்களில் எல்லோரையும் போல அணைத்துவிடும் நான், மரைன் ஹில்லில் மட்டும் இன்றும் என்ஜினை ஓடவிட்டே இறங்குகிறேன்; அங்கே அப்படி இறங்குகிறவன் நான் ஒருவன்தான். சத்தம் கேட்டதும் வீட்டு வாசல்களிலிருந்து, "பாபு, பந்த் கரோ, அணைச்சிருங்க, எண்ணெய் வீணாகுது!" என்று கூப்பிடுகிறார்கள். மெயின்லேண்ட்காரன் எத்தனை காலம் இருந்தாலும் இப்படித்தான் என்று சிரிக்கிறார்கள். போன முறை ஊருக்குப் போனபோது தங்கை மகனின் வண்டியை வாங்கிக்கொண்டு கடைத்தெருவுக்குக் கிளம்பினேன். ரயில்வே பாலத்தின் உச்சி தாண்டியதும் என் கை தானாகப் போய் என்ஜினை அணைத்தது. பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரன் அடித்தார். பழுதாகிவிட்டது என்று நினைத்து இருவர் தள்ள ஓடி வந்தார்கள்.